வில் செதுக்கிய கைகள்

அம்பு எய்தவன் பெயரை வரலாறு எழுதி வைக்கிறது. எந்தக் களத்தில் எய்தான், எந்த மன்னனுக்காக எய்தான், எவன்மீது எய்தான் என்பவற்றையும் எழுதி வைக்கிறது. ஆனால் அந்த வில்லுக்கு மரம் தேடிக் காடு புகுந்தவன் யார், அதைச் செதுக்கி, வளைத்துப் பார்த்து, பதம் கண்டவன் யார் என்னும் வினாவை அது பெரும்பாலும் எழுப்புவதே இல்லை. வில்லாளியின் புகழில் பாதி வில்லைச் செய்தவனுக்கு உரியது. அந்தப் பாதியை வழங்காமல் வைத்திருப்பது நாம் தீர்க்க வேண்டிய ஒரு பழங்கடன். பெயர் தெரியாத அந்தக் கைகளைப் பற்றியே இங்கே நாம் பேச விழைகிறோம்.

இந்தப் பேச்சைப் பழவேற்காட்டிலிருந்து தொடங்குவதற்குக் காரணம் உண்டு. சில்கா ஏரிக்கு அடுத்தபடியாக நம் நாட்டின் பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காட்டு ஏரி. அதன் கரையில் கோட்டைக்குப்பம், கூனங்குப்பம், லைட்ஹவுஸ் குப்பம் என மீனவர் ஊர்கள் வரிசையாக அமைந்துள்ளன. டச்சுக்காரர் 1613ஆம் ஆண்டில் இங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டினர். சோழமண்டலக் கரையில் அவர்களுடைய தலைமையிடம் 1690ஆம் ஆண்டு வரை இதுவே. துணி ஏற்றுமதிக்குப் பெயர் பெற்ற இவ்வூரில் அவர்கள் இன்னொரு தொழிலையும் நடத்தினர். வெடியுப்பும் கந்தகமும் கரியும் சேர்த்து அரைக்கும் வெடிமருந்துத் தொழிற்சாலை அது. பதினேழாம் நூற்றாண்டில் கீழைக் கடல்களில் இருந்த டச்சுக் கோட்டைகள் பலவற்றுக்குப் பழவேற்காட்டிலிருந்து வெடிமருந்து சென்றது.

வில்லின் வரலாற்றில் வெடிமருந்தின் இடம் யாது என்பதை வாசகர்கள் அறிவார்கள். நெடுவில்லை முழுதாக இழுத்து எய்யும் ஆற்றல் சிறுவயது முதல் பழகிய தோள்களுக்கே வரும். துப்பாக்கியைக் கையாளச் சில வாரப் பயிற்சி போதும். துப்பாக்கி வந்த மறுநாளே வில் மறைந்துவிடவில்லை; நம் நாட்டுப் படைகளில் இரண்டும் பன்னெடுங்காலம் அருகருகே இருந்தன. ஆயினும் மருந்து மலியும்தோறும் வில்லுக்கு மதிப்புக் குறைந்தது. வில் குறையும்தோறும் வில் செய்வோர் வேறு தொழில் தேடினர். உலகின் பல மூலைகளில் நிகழ்ந்த அந்த மாற்றத்துக்கு இந்த ஏரிக்கரையும் ஒரு கைப்பிடி மருந்து அளித்தது. டச்சுக்காரரின் கல்லறைகள் இன்றும் அங்கே உள்ளன. அழகிய செதுக்கு வேலை கொண்ட அந்தக் கற்களில் அடக்கமானவரின் பெயரைப் படிக்கலாம். கல்லைச் செதுக்கியவனின் பெயரைத் தேடினால் நமக்கு முன் நிற்பது வில் செதுக்கியவனுக்கு நேர்ந்த அதே மௌனந்தான்.

இனி, தமிழகத்தில் வில் பெற்றிருந்த இடத்தைச் சிறிது நோக்குவோம். ஒரு பொருள் மக்கள் வாழ்வில் எவ்வளவு ஊறியிருந்தது என்பதற்கு மொழியே சான்று. வில்லுக்குச் சிலை, தனு, சாபம், கார்முகம் எனப் பல பெயர்கள். அம்புக்குக் கணை, வாளி, கோல், சரம், பாணம் எனப் பல பெயர்கள். அம்பு வைக்கும் கூட்டுக்குத் தூணி, புட்டில், ஆவநாழிகை எனப் பல பெயர்கள். சேரர் தம் இலச்சினையாக வில்லையே கொண்டனர். வள்ளுவர் படைவீரரைக் குறிக்க நேர்ந்தபோது அவர்களை வில்லால் உழும் உழவராக உருவகித்தார். பழவேற்காட்டு ஏரிக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கும் ஸ்ரீஹரிகோட்டாத் தீவிலிருந்து 1971ஆம் ஆண்டு முதல் ராக்கெட்டுகள் விண்ணுக்கு ஏவப்பட்டு வருகின்றன. நெருப்பைக் கக்கிப் பாயும் படைக்கருவிக்குத் தமிழர் பெயர் வைக்க முற்பட்டபோது பழைய அம்பையே நினைத்து 'ஏவுகணை' என்றனர். நாண் அறுந்தாலும் சொல் அறவில்லை.

செங்கம் வட்டாரத்து நடுகற்களைத் தமிழ்நாடு அரசு தொல்பொருள் ஆய்வுத்துறை 1972ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டது. ஆநிரை கவர்ந்தோரும் மீட்டோரும் வில்லும் வாளுமாகக் கல்லில் நிற்கும் காட்சி தமிழக நடுகற்களில் பரவலாகக் காணப்படுவது. எந்த மன்னனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, எந்த ஊர்ப் பூசல், வீழ்ந்தவன் யாருடைய சேவகன் என்றெல்லாம் அவை சொல்லும். வீழ்ந்தவன் கையிலுள்ள வில்லைக் கல்தச்சன் ஒரு வளைந்த கோடாகச் செதுக்கிக் காட்டுவான். அந்தக் கோட்டுக்குப் பின்னால் ஒரு மனிதனின் பல மாத உழைப்பு இருந்தது என்பதைச் சொல்வது நடுகல்லின் வேலையன்று. அது நம் வேலை.

அந்த உழைப்பு எத்தகையது? கொம்பும் நரம்பும் ஒட்டிச் செய்யும் கூட்டுவில் வேறு. ஒரே மரத்தில் செதுக்கும் நெடுவில் வேறு. நெடுவில் பார்வைக்கு எளியது. ஒரு கழி, ஒரு நாண், அவ்வளவே. எளிமையே அதன் கடினம். வில்லை வளைக்கும்போது அதன் வெளிப்புறம் இழுபடுகிறது, உட்புறம் நெருக்குண்கிறது. வெளிப்புறத்தில் மரத்தின் நார் ஓர் இடத்தில் அறுபட்டிருந்தாலும் அங்கிருந்தே முறிவு தொடங்கும். ஆகவே செய்பவன் தன் விருப்பப்படி மரத்தைச் செதுக்க முடியாது. நார் ஓடும் வழியில் உளி ஓட வேண்டும். கணு இருக்கும் இடத்தில் சற்று அதிகமாக மரத்தை விட்டுவைக்க வேண்டும். பின்னர் நாண் பூட்டிச் சிறிது வளைத்து, எட்ட நின்று பார்த்து, மேற்பாதியும் கீழ்ப்பாதியும் ஒத்து வளைகின்றனவா என்று நோக்கி, விறைப்பான இடத்தில் ஓர் இழை சீவி, மீண்டும் வளைத்துப் பார்க்க வேண்டும். ஓர் இழை குறைவாகச் சீவினால் நாளையும் சீவலாம். ஓர் இழை மிகுதியாகச் சீவினால் திரும்ப ஒட்ட முடியாது. பொறுமையும் அச்சமும் சமமாகக் கலந்த தொழில் இது.

பதினைந்தாம் நூற்றாண்டில் நெடுவில்லால் பெரும்புகழ் பெற்றவர் ஆங்கிலேயர். 1415ஆம் ஆண்டில் அஜின்கோர்ட் களத்தில் அவர்களுடைய வில்லாளிகள் பிரெஞ்சுக் குதிரைப்படையைச் சிதறடித்த செய்தி பள்ளிப் பாடநூல்களிலும் உண்டு. அந்நாட்டு வில் 'யூ' என்னும் மரத்தால் ஆனது. அம்மரத்தின் வெளிப்பகுதி இழுவிசையைத் தாங்கும்; உள்வைரம் நெருக்கத்தைத் தாங்கும். இரண்டும் சேர்ந்திருக்கும்படி செதுக்குவதே கலை. எட்டாம் ஹென்றி மன்னனின் 'மேரி ரோஸ்' என்னும் போர்க்கப்பல் 1545ஆம் ஆண்டில் கடலில் மூழ்கியது; 1982ஆம் ஆண்டில் அதன் உடல் மேலே தூக்கப்பட்டது. முழுதாகவே கிடைத்த வில்கள் மட்டும் 130க்கும் மேல், அம்புகள் ஆயிரக்கணக்கில். நானூறு ஆண்டுகளுக்கு மேல் சேற்றில் கிடந்த அந்த வில்களில் சிலவற்றின் பிடிக்கு அருகே சின்னஞ்சிறு குறிகள் பொறிக்கப்பட்டுள்ளன. அவை செய்தவர்களின் அடையாளங்கள் என்று ஆய்வாளர் கருதுகின்றனர். மன்னனின் கப்பல் மன்னன் பெயரால் அறியப்படுகிறது. வில் செய்தவனுக்கு ஊசிமுனை அளவு ஒரு குறி. ஆனால் அந்தக் குறியாவது அவனுக்கு வாய்த்தது.

தமிழகத்தில் போருக்கும் வேட்டைக்குமான நெடுவில் வழக்கொழிந்த பின்னரும் ஒரு வில் நம்மிடையே தங்கியிருக்கிறது. குமரி, திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களின் வில்லுப்பாட்டைக் கேட்டோர் அதை அறிவர். வைரம் பாய்ந்த பனையிலோ மூங்கிலிலோ ஆளுயரத்துக்கும் மேலான நீளத்தில் வளைத்து, நாண் கட்டி, மணிகள் தொங்கவிட்ட வில் அது. குடமும் உடுக்கையும் துணை நிற்க, வீசுகோல் நாணில் விழும்போது மணிகள் ஒலிக்கும். கொத்தமங்கலம் சுப்பு காந்தியடிகளின் வரலாற்றை நாட்டுக்குச் சொன்னது இந்த வில்லை முன்வைத்தே. கொல்வதற்குப் பிறந்த கருவி கதை சொல்வதற்கு அமர்ந்துவிட்டது! பாடும் புலவரின் பெயர் விளம்பரத்தாளில் வருகிறது. பனை வைரத்தைப் பார்த்துத் தேர்ந்து, வெடிக்காமல் வளைத்துக் கொடுத்தவன் பெயர் அங்கும் வருவதில்லை.

பாக் நீரிணையைக் கடந்து இலங்கைக்குச் சென்றால் இதே செய்தி வேறு வடிவில் நம்மை எதிர்கொள்கிறது. கண்டி அரசில் 1660ஆம் ஆண்டு முதல் ஏறத்தாழ 19 ஆண்டுகள் சிறைப்பட்டிருந்த ராபர்ட் நாக்ஸ் என்னும் ஆங்கிலேயர், தப்பிச் சென்று 1681ஆம் ஆண்டில் இலங்கையைப் பற்றிய தம் நூலை வெளியிட்டார். காட்டில் வாழ்ந்த வேடர்களைப் பற்றி அவர் ஒரு செய்தி கூறுகிறார். அம்புமுனை வேண்டும்போது வேடர்கள் இரவில் வந்து கொல்லன் பட்டறையில் இறைச்சியைத் தொங்கவிடுவார்கள். அதனுடன், தமக்கு வேண்டிய முனையின் வடிவில் கத்தரித்த இலை ஒன்றையும் வைத்துச் செல்வார்கள். கொல்லன் அந்த இலையைப் பார்த்து அதே வடிவில் இரும்பை அடித்து வைத்தால் மேலும் இறைச்சி வரும். செய்யாவிடில் இரவில் அம்பு வரும். ஒருவரையொருவர் காணாமல், ஒரு சொல்லும் பேசாமல், ஓர் இலையை நடுவில் வைத்து நடந்த வாணிகம்! அந்த வில்லைச் செய்த வேடனுக்கும் பெயரில்லை; முனையை அடித்த கொல்லனுக்கும் பெயரில்லை. ஆயினும் ஒருவர் கைவேலையை மற்றவர் எவ்வளவு நுட்பமாக அறிந்திருந்தனர் என்பதற்கு அந்த இலை சான்று.

தமிழகமும் இலங்கையும் இவ்வாறிருக்க, அரபு உலகம் வில் செய்வோனை எப்படி நோக்கியது என்பது நம் வாசகர்களுக்குச் சிறப்பாகத் தெரிய வேண்டிய ஒன்று. மதரஸாவில் அரபு இலக்கணம் சொல்லும்போது தொழிற்பெயர்களின் வாய்பாட்டை நாம் மாணவர்களுக்குக் கற்பிக்கிறோம். மரவேலை செய்பவர் நஜ்ஜார், இரும்புவேலை செய்பவர் ஹத்தாத், தைப்பவர் கய்யாத், வில் செய்பவர் கவ்வாஸ். ஒரு செயலை ஒருமுறை செய்தவனுக்கு இந்த வாய்பாடு பொருந்தாது. இடையறாது செய்து, அதுவாகவே ஆகிவிட்டவனுக்கே பொருந்தும். ஒரு தொழிலாளியைப் பற்றி ஓர் இலக்கண வடிவமே இவ்வளவு மதிப்புடன் பேசுவதை எண்ணி மகிழலாம்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வில்களுக்குப் பெயர்கள் இருந்ததைச் சரிதை நூல்கள் கூறுகின்றன. ரவ்ஹா, பைளா, ஸஃப்ரா, கதூம் என்பன அவை. கதூம் என்றால் மறைத்து வைப்பது என்று பொருள். எய்யும்போது ஓசை எழாத வில்லுக்கு அப்பெயர் எவ்வளவு பொருத்தம்! ஸஃப்ரா, மலைகளில் வளரும் 'நப்உ' என்னும் மரத்தால் ஆனது. ஹிஜ்ரி 3இல், அதாவது 625ஆம் ஆண்டில், உஹதுக் களத்தில் அண்ணலார் எய்த வில்லின் முனை ஒடிந்தபோது அதைத் தோழர் கதாதா இப்னு நுஃமான் (ரலி) எடுத்து வைத்துக்கொண்டார்.

இவற்றினும் மேலானது, அபூதாவூத், திர்மிதி, நஸாயீ ஆகியோரின் தொகுப்புகளில் இடம்பெற்ற ஒரு நபிமொழியின் கருத்து. ஓர் அம்பின் பொருட்டு மூவர் சுவனம் புகுவர் என்பது அதன் சாரம். எய்தவர் ஒருவர்; எய்பவருக்கு அம்பை எடுத்துக் கொடுத்தவர் ஒருவர்; நன்மையை நாடி அந்த அம்பைச் செய்தவர் ஒருவர். இந்த மூவரில் முதலில் எண்ணப்படுபவர் செய்தவரே என்பதை ஈண்டு ஊன்றி நோக்க வேண்டும். களத்திலிருந்து பல காவதம் அப்பால், தன் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து கோல் சீவுகிறவன், களத்தில் நிற்பவனுக்கு முன்னே வைக்கப்படுகிறான். வரலாறு மறந்த வரிசையை மார்க்கம் நினைவில் வைத்திருக்கிறது.

அரபியரின் பழமொழி ஒன்று, வில்லை அதைச் செதுக்கத் தெரிந்தவனிடமே கொடு என்கிறது. எந்தக் காரியத்தையும் அதில் தேர்ந்தவனிடமே ஒப்படைக்க வேண்டும் என்பது கருத்து. தேர்ச்சிக்கு ஓர் எடுத்துக்காட்டு வேண்டியபோது அம்மக்களின் நாவில் வந்து நின்றவன் மன்னனும் அல்லன், மருத்துவனும் அல்லன், வில் செதுக்குபவன்.

அறியாமைக் காலத்தையும் இஸ்லாத்தின் காலத்தையும் கண்ட அரபுக் கவிஞர் ஷம்மாக். அவருடைய நெடும்பாடல் ஒன்றின் நடுவே பெயர் சொல்லப்படாத ஒரு கவ்வாஸ் வருகிறான். அடர்ந்த புதர்களுக்கு உள்ளே வளர்ந்த ஒரு கிளை அவன் கண்ணில் படுகிறது. பச்சையும் உலர்ந்ததுமான முட்களை வெட்டி வழி செய்து அதை அடைகிறான். வெட்டிய கிளையை உடனே செதுக்கிவிடவில்லை. பட்டையின் ஈரத்தை மரம் தானே குடிக்கட்டும் என்று இரண்டு ஆண்டுகள் காத்திருக்கிறான். பின்னர் நெளிவெடுத்து, செதுக்கி, வில்லாக்கி, மக்கள் கூடும் சந்தைக்குக் கொண்டு செல்கிறான். வில்லின் அருமை அறிந்த ஒருவன் வந்து விலை பேசுகிறான். உயர்ந்த ஆடைகள், நெருப்புத்துண்டம் போல் சிவந்த பொற்காசுகள், தொண்ணூறு திர்ஹம், பதமிட்ட ஆட்டுத்தோல் என்று விலை ஏறிக்கொண்டே போகிறது. கொடுப்பதா வேண்டாமா என்று அவன் தன் நெஞ்சோடு பேசுகிறான். விற்றுவிடு என்று சுற்றியிருப்போர் சொல்கின்றனர். விற்கிறான். கை நிறையப் பொருள். கண் நிறைய நீர்.

பதின்மூன்று நூற்றாண்டுகளுக்குப் பின், எகிப்தின் பேரறிஞர் மஹ்மூத் முஹம்மத் ஷாகிர் இந்தச் சில அடிகளை எடுத்துக்கொண்டு 1952ஆம் ஆண்டில் 'அல்-கவ்ஸ் அல்-அத்ரா' என்னும் நீண்ட கவிதையை இயற்றினார். ஒரு வேலையைச் செம்மையாகச் செய்பவன் தன்னில் ஒரு பகுதியை அதில் வைத்துவிடுகிறான். அதைப் பிரியும்போது அவன் தன்னையே பிரிகிறான் என்பது அவர் அதில் கண்ட பொருள். வறுமை விற்கச் சொன்னது. கலை விற்காதே என்றது. கைத்தொழிலாளி எவனும் இந்தத் துயரை அறிவான்.

துருக்கியில் வில் செய்தோருக்கு இதனினும் நல்ல காலம் வாய்த்தது. அங்கே மரமும் எருமைக்கொம்பும் விலங்கின் நரம்பும் சேர்த்து, மீனின் காற்றுப்பையிலிருந்து காய்ச்சிய பசையால் ஒட்டிக் கூட்டுவில் செய்தனர். செய்தவர் தம் பெயரையும் ஆண்டையும் வில்லில் எழுதும் வழக்கம் இருந்ததால், உதுமானிய வில்கள் பலவற்றின் ஆசிரியர் இன்றும் பெயரோடு வாழ்கின்றனர். இரண்டாம் மஹ்மூத் சுல்தானின் விருப்பத்தின்பேரில் முஸ்தஃபா கானி எழுதிய வில்வித்தை நூல் 1847ஆம் ஆண்டில் அச்சேறியது. போரில் வில்லுக்கு இடமில்லாது போன காலத்தில், அதைச் செய்யும் முறை மறந்துபோகலாகாது என்று ஒருவர் எழுதி வைத்தார். பிற்காலத்தில் அக்கலையை மீட்க முயன்றோருக்கு அந்நூலே கைவிளக்கு.

நம் நாட்டிலும் வில் செய்வோர் தனிச் சமூகமாகவே இருந்தனர். பாரசீக மொழியில் 'கமான்' என்றால் வில். வாயில் வளைவை நாமும் கமான் என்கிறோம் அல்லவா? வில் செய்வோர் கமான்கர் எனப்பட்டனர். குஜராத்தின் கச்சுப் பகுதியில் வாழ்ந்த கமான்கர் முஸ்லிம்கள், வில்லுக்குத் தேவை குறைந்த காலத்தில் வண்ணம் தீட்டும் தூரிகையைக் கையில் எடுத்தனர். மாளிகைச் சுவர்களிலும் வீட்டுச் சுவர்களிலும் அவர்கள் வரைந்த ஓவியங்களுக்குக் கமான்கரி என்றே பெயர் வந்தது. வில் போயிற்று, வில்லின் பெயர் ஓவியத்தில் ஏறி நின்றது. ஒரு தொழில் அழியும்போது எல்லோருக்கும் இப்படி மறுகரை கிடைப்பதில்லை.

மீண்டும் பழவேற்காட்டு ஏரிக்கு வருவோம். வில்லுக்கு நேர்ந்தது வில்லோடு முடிந்துவிட்டதா? அந்தக் கரையில் இன்றும் கைகளை நம்பி வாழ்வோர் பலர். நீரில் இறங்கி, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் மக்கள் உள்ளனர். இன்னாருக்கு இன்ன இடம், இன்ன நாள் என்று மீனவர் தமக்குள் முறை வகுத்துக்கொள்ளும் 'பாடு' வழக்கம் உள்ளது. பனையின் குருத்தோலையை உலர்த்தி, கிழித்து, சாயமேற்றிப் பெட்டி முடையும் முஸ்லிம் பெண்கள் உள்ளனர். தெற்கே எந்த மரத்தின் வைரம் வில்லாகிப் பாடுகிறதோ, அதே மரத்தின் ஓலை இங்கே இவர்கள் விரல்களில் பெட்டியாகிறது. வில் செதுக்குபவன் நார் ஓடும் வழியை அறிந்ததுபோல, எந்தக் குருத்து வளையும், எது வெடிக்கும் என்பதை இவர்களுடைய விரல்கள் அறியும். பெட்டி நகரத்துக்குப் போகிறது, விலைச்சீட்டு ஒட்டப்படுகிறது, முடைந்தவரின் பெயர் ஏரிக்கரையிலேயே நின்றுவிடுகிறது.

மரப்படகு செய்யும் தச்சர்களின் நிலையும் அதுவே. 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின் சோழமண்டலக் கரையெங்கும் கண்ணாடியிழைப் படகுகள் பெருகின. அவை நன்மை தந்தன என்பதை மறுப்பதற்கில்லை. மீனவர் தம் வாழ்வுக்கு உகந்ததைத் தேர்ந்துகொள்வதைக் குறை கூற நமக்கு உரிமையும் இல்லை. வெடிமருந்து வந்தபோது வில்லைத் தடுத்து நிறுத்த எவராலும் இயலவில்லை. புதியது வரும்போது பழையது ஒதுங்குவது உலக இயல்பு. நம் வருத்தம் பொருள் மறைவது பற்றியதன்று. செய்தவன் யார் என்று ஒருவரும் எழுதி வைக்காமலேயே அது மறைவது பற்றியது. மன்னர்களின் காலத்தில் எழுதத் தெரிந்தவர் சிலர்; ஆகவே வில் செய்தவன் பெயர் விடுபட்டது. இன்று நாம் எல்லோரும் எழுதத் தெரிந்தவர்கள். இப்போதும் விடுபட்டால் அந்தக் குறை யாருடையது?

ஆகவே வாசக அன்பர்களுக்கு, குறிப்பாக மதரஸா மாணவர்களுக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கும், ஒன்று சொல்வோம். உங்கள் மஹல்லாவில் கைத்தொழில் செய்வோர் யார் யார் என்று ஒரு குறிப்பேட்டில் எழுதத் தொடங்குங்கள். பாய் நெய்பவர், பெட்டி முடைபவர், படகு செய்பவர், வலை பின்னுபவர் எவராயினும் ஆகட்டும். அவர் சம்மதத்தோடு அவர் பெயர், யாரிடம் கற்றார், எந்த மரம், எந்த ஓலை, எத்தனை நாள் உலர்த்துகிறார், எதைத் தொட்டுப் பார்த்து நல்லது என்று அறிகிறார் என்பவற்றைக் கேட்டு எழுதுங்கள். கடையில் ஒரு கைவேலைப் பொருளை வாங்கும்போது விலையைக் கேட்பதோடு செய்தவர் பெயரையும் கேளுங்கள். கடைக்காரருக்குத் தெரியாவிட்டால், அடுத்த முறை அவர் அதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்ற எண்ணத்தையாவது அந்தக் கேள்வி விதைக்கும்.

சந்தையில் நின்று கண்ணீர் விட்ட அந்தக் கவ்வாஸுக்குத் தொண்ணூறு திர்ஹம் கிடைத்தது. பொன்னும் ஆடையும் கிடைத்தன. வாங்கியவன் அவன் பெயரைக் கேட்டதாகப் பாடலில் இல்லை. கவிஞரும் சொல்லவில்லை. நம் காலத்தில் நம் கரையில் வாழும் கைவினைஞருக்கு அந்த ஒரு கேள்வியை நாம் கேட்போம்.